இருநூற்றுப் பதினாலாம் நம்பர் கதவு

சுருளியம்மாளால் உட்கார்ந்து சோறு தின்ன முடியாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தபடியேதான் தின்பாள். பன்னிரண்டு வயதில் வட்டமலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள். நின்றே பறித்து, நின்றே எடை போட்டு, நின்றே தண்ணீர் குடித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. "எல்லாருக்கும் மூட்டு வச்ச கடவுள் இவளுக்கு மட்டும் மறந்துட்டான்" என்பார் அவள் புருஷன் சங்கையா. அவர் அவளுக்கு நேர் எதிர். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மழை விடும்வரை எழுந்திருக்க மாட்டார். அந்த மலையில் மழை அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

ஆனால் எழுபத்தாறாம் வருஷம் ஆனி மாதம் அவளைப் பிடித்த பரபரப்பு வேறு மாதிரியானது. ஒரு நாளைக்கு இருபது தடவை வாசலுக்குப் போய்க் கதவைத் தொட்டுப் பார்த்தாள். கதவில் காவியால் எழுதியிருந்த நம்பர் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாது. விரலை அதன் மேல் ஓட்டிப் பார்ப்பாள். இருந்தது. திரும்பி அடுப்பண்டை வந்தால் மறுபடி சந்தேகம் வந்துவிடும்.

அந்தக் கதவுக்கு ஒரு கதை உண்டு.

ஐம்பத்தெட்டு வயதானதும் சங்கையாவின் பேரை எஸ்டேட் புத்தகத்தில் வெட்டினார்கள். மறு வருஷம் அவள் பேரும் போயிற்று. பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டையும் விட வேண்டும் என்பது சட்டம். முப்பது வருஷம் குடியிருந்த ஒற்றை அறையை விட்டு எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு மாதம் நாளைக் கடத்தினார்கள். ஒரு நாள் காவல்காரர்கள் வந்தார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. கதவை மட்டும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் மலைக்காற்றும் மூடுபனியும் தடையில்லாமல் உள்ளே வந்து படுத்தன. நாலாம் நாள் இருவரும் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

இறங்கி வந்த இடம் கல்லுமேடு. கேரளத்து ஏலப்பாறையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒரு காலத்தில் நாலு கடையும் ஒரு கள்ளுக்கடையுமாக இருந்த முக்கு அது. அணைக்கட்டு வேலைக்கு லாரிகள் அந்த வழியாக ஓட ஆரம்பித்ததிலிருந்து கண் முன்னாலேயே வீங்கியது. பாங்கு வந்தது, ஜீப் ஸ்டாண்டு வந்தது, தகரக் கொட்டகையில் சினிமா வந்தது. கடைவீதிக்குப் பின்னால் ஓடையை நோக்கிச் சரியும் புறம்போக்கில் பேர் வெட்டப்பட்ட எஸ்டேட் சனம் குடிசை போட்டது. ஈத்தல் மூங்கில் நாட்டி, தேயிலைப் பெட்டிப் பலகையைச் சுவராக அடித்து, தார் டின்னை வெட்டி விரித்துக் கூரை போட்டார்கள். வாசலுக்குச் சாக்குத் தொங்கும். அதுதான் ஓடைக்கரை.

சுருளியம்மாள் மட்டும் சாக்குத் தொங்கவிட மாட்டேன் என்றாள். "எனக்குக் கதவு வேணும். எவனும் கழத்திட்டுப் போக முடியாத கதவு" என்றாள். அந்தச் சமயம் ரோட்டை அகலப்படுத்துவதற்காகக் கடைவீதியில் பழைய ஏலக்காய்க் கிடங்கு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பக்கவாசல் கதவு பலா மரம். இரண்டு ஆள் தூக்கும் கனம். இடிக்கிற வேலைக்கு எட்டு நாள் கல் சுமந்து, கூலிக்குப் பதிலாக அந்தக் கதவைக் கேட்டு வாங்கினாள். தலையில் வைத்துக்கொண்டு அவள் முன்னே நடக்க, சங்கையா பின்னால் ஒரு முனையைத் தாங்கி, "எடக்க போ, வலக்க போ" என்று வழி சொன்னார். பெட்டிப் பலகைச் சுவருக்கு நடுவில் அந்தக் கதவு நின்றபோது ஓடைக்கரையே சிரித்தது. "வீடு விழுந்தாலும் கதவு நிக்கும்டோய்" என்றான் அடுத்த குடிசைக் கருத்தப்பாண்டி.

சிரித்தவர்கள்தான் பின்பு அந்தக் கதவைக் கேட்டு வந்தார்கள். ஓடையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் பாதை வழுக்கும். ஜீப் உள்ளே வராது. காலை ஒடித்துக்கொண்டவன், காய்ச்சலில் நினைவு தப்பியவள், யாராக இருந்தாலும் அந்தக் கதவில் கிடத்தித்தான் மேலே தூக்கினார்கள். லயத்திலேயே இருந்த வழக்கம்தான் அது. அதற்கு ஒரு முறையும் உண்டு. சீக்காளியைத் தூக்கிய பலகையை வாங்கியவர்கள் அப்படியே திருப்பித் தரக் கூடாது. கழுவி, மஞ்சத்தண்ணி தெளித்து, குங்குமம் வைத்துத்தான் தர வேண்டும்.

குடிசை போட்ட அந்த வருஷமே, எழுபத்து மூன்றில், அதிகாரிகள் வந்து எல்லாக் குடிசைக்கும் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். சாக்கு தொங்கிய குடிசைகளில் பெட்டிப் பலகையில் எழுதினார்கள். அவளுடையதில் கதவில் எழுதினார்கள்: இருநூற்றுப் பதினாலு. எதற்கென்று அப்போது யாருக்கும் தெரியாது. மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஓடைக்கரையை நிரப்பிப் பஸ் ஸ்டாண்டு கட்டப் போகிறார்கள். நம்பர் உள்ள குடிசைக்கு மேட்டில் மூன்று சென்ட் நிலம், பட்டயம் என்கிற உரிமைப் பத்திரத்தோடு. நம்பருக்குப் பிறகு வந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. பழைய புத்தகத்தில் நம்பர் மட்டும்தான் இருந்தது, ஆள் பேர் இல்லை. ஆகவே வந்து பார்த்து, எந்த நம்பரில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பேரை எழுதுவார்கள்.

இதற்குள் நம்பர் எழுதிய பெட்டிப் பலகைகள் கைமாற ஆரம்பித்திருந்தன. கீழ் வரிசையில் நூற்றுத் தொண்ணூறாம் நம்பர் இரண்டு குடிசைகளில் இருந்தது. "சுவரோட, கதவோட ஒட்டியிருக்குற நம்பர் மட்டும்தான் எடுப்பாகளாம்" என்று பஜாரில் டீக்கடை வைத்திருந்த மிக்கேல் சொன்னார். ஓடைக்கரைக்கு எல்லாச் செய்தியும் அவர் பாய்லர் வழியாகத்தான் வரும்.

அன்றிலிருந்துதான் சுருளியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காவி எழுத்து மழையில் கரைந்துவிடுமோ என்று, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிய பழைய படங்குச் சாக்கை வாசல் நிலையில் ஆணியடித்து, நம்பருக்கு முன்னால் திரைபோலத் தொங்கவிட்டாள். யாரையும் கதவில் சாய விடவில்லை. சில்லறை வேலைக்குப் போவதை நிறுத்தினாள். போன நேரத்தில் எழுத வந்துவிட்டால்?

"இன்னிக்கு வாராக" என்பார்கள். வர மாட்டார்கள். "நாளைக்கு நிச்சயம்" என்பார்கள். அதுவும் இல்லை.

"நீ நின்னா மட்டும் அவுக சீக்கிரம் வந்துருவாகளா? உக்காரு" என்றார் சங்கையா.

"நீரு உக்காந்தே இருந்துதான் லயத்துக் கதவு போச்சு."

அவர் பீடியை அணைத்துவிட்டார். சொன்ன பிறகு அவளுக்கும் உறுத்தியது.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அதிகாரிகள் கட்டாயம் வருகிறார்கள், ஜீப்புக்குச் சொல்லியாகிவிட்டது என்று மிக்கேல் முந்தின நாளே சொல்லியிருந்தார். பொழுது நன்றாக வெளுத்திருந்தது. மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கருத்தப்பாண்டி நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றான். அவன் பெண்சாதி பூமாரிக்கு மாசம் நிறைந்திருந்தது. அவன் கண் அவளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தது.

"சித்தி, பூமாரிக்கு நோவு கண்டிருச்சு. பிள்ள குறுக்க கெடக்காம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம்."

"கம்பளியில கட்டித் தூக்குங்களேன்."

"கம்பளியில வளைஞ்சிரும். வளையக் கூடாதுன்னு மருத்துவச்சி சொல்லுதா."

சுருளியம்மாள் கதவிடுக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்குத்தான் எழுத வாராகளாம்" என்றாள்.

"தெரியும் சித்தி."

மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. அடுத்த குடிசையிலிருந்து பூமாரியின் குரல் ஒரு தடவை உயர்ந்து அடங்கியது. சுருளியம்மாள் குனிந்து, கீழ் மூலையில் தோளைக் கொடுத்து, கதவை அது சுழலும் அடிக்குமிழிலிருந்து தூக்கிக் கழற்றினாள். அதை எப்படிக் கழற்றுவதென்று அவளுக்குத்தான் தெரியும்.

"உள்பக்கம் மேல வரணும். அதுல படுக்க வையி. நம்பர் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். பாத்து எறக்குங்க, கல்லுல தேச்சிராதீங்க."

"சரி சித்தி."

நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பிரசவத்துக்காகப் பத்து நாள் முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பூமாரியின் தாய் இசக்கியம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். சுருளியம்மாள் கதவில்லாத வாசலில் நின்றாள். சாரல் நேராக உள்ளே வந்தது.

நாள் முழுதும் நின்றாள். மிக்கேலின் கடைக்கு மூன்று தடவை ஏறி இறங்கினாள். அதிகாரிகள் வரவில்லை. வழியில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டதாம். அதைக் கேட்டபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அந்த மலைக்கு ஒரு கும்பிடு போடணும்" என்றாள் சங்கையாவிடம்.

குழந்தை ஆஸ்பத்திரி வரை காத்திருக்கவில்லை. வழுக்குப் பாதையில் ஏற்றி இறக்கிய குலுக்கலில் எப்படியோ தலை திரும்பி, ஜீப் வருவதற்கு முன்னால், நாலு பெண்கள் சேலையை விரித்து மறைத்து நிற்க, அந்தக் கதவின் மேலேயே பிறந்தது. தாயையும் பிள்ளையையும் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்கள்.

பொழுது சாயும் நேரம் கருத்தப்பாண்டியும் இன்னொருவனும் கதவைத் தூக்கி வந்தார்கள். இசக்கியம்மாள் கூடவே வந்தாள். கதவு பளிச்சென்று இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள்; நடுவில் குங்குமம். சுருளியம்மாள் அதைத் திருப்பச் சொன்னாள். மறுபக்கமும் பளிச்சென்று இருந்தது. மறுபக்கமும் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"மதினி, தீட்டுப் பலகைய அப்படியே தரலாமா?" என்றாள் இசக்கியம்மாள் சந்தோஷமாக. "ஓடையில போட்டு ரெண்டு பக்கமும் தேச்சிட்டேன். உள்பக்கம் லேசா போயிருச்சு. இந்தப் பக்கந்தான் ரத்தம் ஒழுகி வந்து கட்டிப் போயிக் கெடந்துச்சு, விடவே மாட்டேன்னுச்சு. சாம்பலும் தேங்காநாரும் போட்டு ஒரு நாழி தேச்சேன். கை எரியுது பாருங்க."

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ரேகையெல்லாம் காவிச் சிவப்பாக இருந்தது.

கருத்தப்பாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. சுருளியம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"என்ன பிள்ள?"

"பொட்டப்பிள்ள மதினி. தலை நெறைய முடி."

"நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கதவைக் குமிழில் ஏற்றத் திரும்பினாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதாவது, தட்டை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வந்துவிட்டார்கள். அதிகாரி ஒருவர், கிளார்க் ஒருவர், குடை பிடிக்க ஒருவர். கீழ் வரிசை முடித்து மேல் வரிசைக்கு வந்தார்கள். இருநூற்றுப் பதிமூன்று, கருத்தப்பாண்டி. எழுதினார்கள். அடுத்து நின்றார்கள்.

"நம்பர் எவிடே?" என்று மலையாளத்தில் கேட்டார் அதிகாரி.

"கழுவிட்டாக சார்" என்றார் சங்கையா.

"கழுவியோ? கவர்மெண்டு நம்பர?"

கருத்தப்பாண்டி நடந்ததைச் சொன்னான். அதிகாரி கேட்டுக்கொண்டார். ஆள் கெட்டவரில்லை; ஆனால் காலையிலிருந்து இதுபோல நாற்பது கதை கேட்டிருந்தார். நாய் தின்ற பலகை, வெள்ளத்தில் போன பலகை, மாமியார் அடுப்பில் வைத்த பலகை. "எல்லாரும் கதை பறயும். நம்பர் இல்லாத வீடு எழுதினா என் ஜோலி போகும், அம்மா" என்றார்.

சுருளியம்மாள் உள்ளே போய் அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். எத்தனையோ ஆயிரம் தடவை விரல் ஓட்டிய இடம். அதே இடத்தில், அதே அளவில், கடைசி எழுத்தின் காலில் காவி ஒழுகிய கோடு உட்பட, எழுதிக் காட்டினாள்.

கிளார்க் குனிந்து பார்த்து, "நல்ல கையெழுத்து" என்றார். அதிகாரி தலையாட்டினார். "இது நீங்க எழுதினது. நாங்க எழுதினது இல்லையே."

கூட்டத்தில் பாதிப் பேர், "பதிமூணுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல வேற என்ன சார் இருக்கும்?" என்று பேசினார்கள். மீதிப் பேர் பேசவில்லை. நம்பருக்குப் பின்னால் குடிசை போட்டவர்கள் அவர்கள். ஒரு பேர் விட்டுப்போனால் மேட்டில் ஓர் இடம் மிஞ்சும். அவர்களில் ஏசுரத்தினம் என்பவனுடைய பிள்ளைக்குப் போன வருஷம் இதே கதவுதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. அவன் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி கடைசியில் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்தார். "திங்களாழ்ச்ச ஆபீசுக்கு வாங்க. அழிச்ச ஆளையும் கொண்டு வரணும். அவங்க நேர்ல சொல்லணும். இல்லேன்னா வெட்டிடுவேன்."

வெட்டிடுவேன் என்ற சொல்லைச் சுருளியம்மாள் எஸ்டேட்டிலும் கேட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் அடுத்த குடிசைக்குப் போனபோது பூமாரி மட்டும் பிள்ளையோடு படுத்திருந்தாள். "அம்மா ஊருக்குப் போறேன்னு கெளம்பிருச்சு சித்தி. சர்க்கார் எழுத்த அழிச்சதுக்குப் பிடிச்சு உள்ள வச்சிருவாகன்னு யாரோ சொல்லிட்டாக. ராத்திரியெல்லாம் தூங்கல" என்றாள்.

சுருளியம்மாள் வழுக்குப் பாதையில் ஓடினாள். ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கம்பம் போகும் பஸ்ஸுக்காக, துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இசக்கியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் மூட்டையை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு நாலு பேரப்பிள்ள இருக்கு மதினி. செயிலுக்குப் போனா ஊர்ல எவனும் மதிக்க மாட்டான்."

"செயிலுன்னு எவன் சொன்னது?"

"ஏசுரத்தினமோ என்னமோ பேரு. நல்ல மனுசன். எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னாரு."

சுருளியம்மாள் அவள் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "எஸ்டேட்டுல எங்க கதவக் கழத்துனாக. மூணு நாளு தெறந்த வீட்டுல படுத்திருந்தோம். நாயி வந்து மோந்து பாத்துட்டுப் போச்சு. அதுக்குப் பெறகுதான் இந்தக் கதவு. உன் மகளுக்குக் குடுத்தேன்னு நான் சொல்லிக் காட்ட வரல. நீயும் பஸ்ஸுல ஏறிட்டா நான் திரும்பவும் எங்க போயிப் படுப்பேன்னுதான் கேக்கேன்."

பஸ் வந்தது, ஆள் ஏற்றியது, போனது. இசக்கியம்மாள் மூட்டையோடு எழுந்து, "எந்த வழியா போகணும்?" என்றாள்.

ஆபீசில் இசக்கியம்மாள், மேசைக்கு இரண்டு கைத் தூரத்தில் நின்றுகொண்டு, கேட்பதற்கு முன்பே உரக்கச் சொன்னாள்: "நான்தாய்யா அழிச்சேன். ரத்தம்னு நெனச்சு அழிச்சேன். எழுத்துன்னு தெரியாது. தெரிஞ்சா அழிச்சிருப்பனா?"

"இந்த அம்மா சொல்லித் தந்ததா?" என்றார் அதிகாரி.

"எனக்கு எதுக்குச் சொல்லித் தரணும்? தேச்சவ நானுல்லா."

"சரி. நீங்க அழிச்சது எப்படி இருந்தது?"

இசக்கியம்மாளுக்கு ஒன்றிலிருந்து பத்துவரை வாயால் எண்ணத்தான் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காவி இன்னும் முழுசாகப் போகாத உள்ளங்கை, தேங்காய்நாரைப் பிடித்த வாக்கில் காற்றில் அசைந்தது.

"மொதல்ல ஒண்ணு, கழுத்த வளச்ச கொக்கு மாதிரி. அதுக்கு அடியில நீளமா ஒரு கோடு. அது சீக்கிரம் போயிருச்சு. அடுத்தது சும்மா ஒரு குச்சி. கடைசிதான் என் உசுர வாங்கிருச்சு. நாற்காலியத் தலகீழாக் கவுத்த மாதிரி, அதுலருந்து கீழ ஒரு ஒழுக்கு. மரத்துக்குள்ள எறங்கிப் போயிருந்துச்சுய்யா அது."

கிளார்க் ஒரு தாளில் அவள் சொன்னபடி வரைந்து அதிகாரியிடம் நகர்த்தினார். கொக்கு, குச்சி, கவிழ்ந்த நாற்காலி. அதிகாரி தாளைப் பார்த்தார், இசக்கியம்மாளின் கையைப் பார்த்தார். சிரித்துவிடாமல் இருக்க மீசையைத் தடவினார். பென்சில் குறிப்பின் மேல் பேனாவால் எழுதினார். "பேர்?"

"சுருளியம்மாள். சங்கையா பேரு வேண்டாம், என் பேர எழுதுங்க. அவரு பேரத்தான் மொத ஆளா வெட்டுனாக."

பட்டியல் ஒட்டுவதற்கு எட்டு மாதமானது. அந்த எட்டு மாதமும் அவள் வாரம் தவறாமல் ஆபீஸ் வாசலுக்குப் போய், எதையும் கேட்காமல், அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒட்டிய நாளில் மிக்கேல்தான் வாசித்துச் சொன்னார். பேர் இருந்தது. மேட்டில் காற்று முட்டும் ஓர் ஓரத்தில் மூன்று சென்ட்.

ஓடைக்கரையில் மண் லாரிகள் வருவதற்கு முன்னால் அவள் கதவைத் தலையில் ஏற்ற, சங்கையா பின் முனையைத் தாங்கினார். புது இடத்தில் சுவர் எழும்பவில்லை, கூரை இல்லை. இரண்டு கால் நட்டு, முதல் வேலையாகக் கதவை மாட்டினாள். நாலு பக்கமும் வெட்டவெளி. நடுவில் பலாக் கதவு. சங்கையா அதைச் சுற்றி நடந்து உள்ளே போகாமல், முறையாகத் தட்டினார். "ஆரு?" என்றாள் அவள். "நாந்தான். பேரு வெட்டுன ஆளு" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

நம்பரை இந்தத் தடவை தச்சனைக் கொண்டு உளியால் வெட்டி வைத்தாள். அப்படியும் கடைவீதிக்குப் போய் வரும்போதெல்லாம் விரலை ஓட்டிப் பார்ப்பதை அவளால் விட முடியவில்லை.

புது வீட்டுக்கு அரைச் சுவர் எழும்பியிருந்த சமயம், மேலேயிருந்து ஒருவன் மூச்சிரைக்க வந்து நின்றான். ஏசுரத்தினம்தான். இடம் கிடைக்காமல் மேட்டுக்கு மேலே மறுபடி புறம்போக்கில் குடிசை போட்டிருந்தான். பெண்சாதி பாறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். அவன் கதவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

சுருளியம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். தோளைக் கொடுத்துக் கதவைக் குமிழிலிருந்து தூக்கினாள்.

"ஒரு முனையப் பிடி" என்றாள். "திருப்பித் தரும்போது கழுவ வேண்டாம்."